திரை பற்றிக் கேட்டிருந்தாய்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே யாரும் நலமாக இல்லை. உன் நலம் உன் கடிதத்தின் நீளத்திலேயே தெரிந்தது.

அம்மா படுத்த படுக்கையாகிவிட்டாள், உடனே புறப்பட்டு வா என்று எழுதியிருந்தேன். நீ அனுப்பிய பதிலைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவுக்குத் தோலெல்லாம் திரைந்துவிட்டது என்று எழுதினேனே, அகராதி ஆபீஸ்காரர் கண்ணில் அந்த ஒரு சொல்தான் பட்டதா? அலையையும் திரை என்கிறோம், தோல் மடிப்பையும் திரை என்கிறோம், கெட்டுப்போன பாலையும் திரைந்தது என்கிறோம். இதில் எது முதலில் வந்தது, அம்மா எதற்குச் சொல்வாள், கேட்டு எழுது என்கிறாய். நல்லா இருக்குடா உன் நியாயம்!

எனக்குத் தெரிந்த திரையைச் சொல்கிறேன், கேள். காலையில் தையல் கம்பெனிக்கு ஓடுவதற்கு முன்னால் அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்து, கழுத்திலும் அக்குளிலும் வயிற்றிலும் ஒவ்வொரு மடிப்பாக விரித்து, ஈரம் போகத் துடைத்துப் பவுடர் போடுகிறேன். ஒன்றை விட்டாலும் அங்கே புண்தான். முதுகில் ஏற்கெனவே வந்துவிட்டது. கட்டுப்போட வரும் நர்ஸ் நேற்று என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, பையனைச் சீக்கிரம் வரச் சொல்லுங்கக்கா, தள்ளிப்போடாதீங்க என்றாள்.

உன் கடிதம் வந்ததும், சின்னவன் என்னைப் பத்திக் கேட்டிருக்கானா என்றாள் அம்மா. முழுக்க உன்னைப் பத்திதாம்மா எழுதியிருக்கான் என்றேன். அப்படி ஒரு சந்தோஷம் அந்த முகத்தில்.

நீ கேட்டதையும் கேட்டுவைத்தேன். புடவையை விலக்கி அடிவயிற்றைத் தடவிக் காட்டினாள். உன்னைப் பெத்தப்ப ஒண்ணும் ஆகலடி, அவன்தான் குண்டுப் பையன், அவன் பொறந்தப்புறம்தான் இங்க முதல்ல திரைஞ்சுது என்றாள். அதைச் சொல்வதில் அவளுக்கு என்ன பெருமை! எது முதலில் வந்தது என்று கேட்டாயே, தெரிந்துகொள்.

என் கடிதத்தைப் பார்த்து இதை அகராதியில் ஏற்றிவிடாதே. வேண்டுமானால் நேரில் வந்து அவள் வாயாலேயே கேட்டு எழுதிக்கொள். குரல் அடங்கிக்கொண்டே வருகிறது. காதை உதட்டருகே கொண்டுபோனால்தான் கேட்கிறது. இனி அதுவும் எத்தனை நாளைக்கோ.

நீ நல்லா இருடா. புறப்பட்டு வந்துவிடு.

உன் அக்கா