அப்பா இல்லாமல் வந்த சளி

அன்புள்ள என்னவருக்கு,

வெல்டிங் பட்டறையில் கண்ணும் கையும் பத்திரமா? இங்கே நானும் வாண்டுவும் இருக்கிறோம். குளியலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. ஆளைக் கூப்பிட்டால் அரை மணி வேலைதான். ஏனோ கூப்பிடவில்லை.

போனில் அவள் ஒரு தரம் இருமினாலே பேச்சை முடித்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் அவளுக்குச் சளி பிடித்தது. பதறாதீர்கள், இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். வகுப்பில் பாதிப் பிள்ளைகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்களாம். மூன்றாம் நாள் நெஞ்சில் விசில் சத்தம். டாக்டரம்மா எழுதிக் கொடுத்தபடி மூச்சை இளக்கும் நீல இன்ஹேலர் பம்பைக் கொடுத்து, மடியில் நிமிர்த்தி உட்காரவைத்தேன். ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குப் போகவில்லை. மூச்சு சீரான பிறகும் விடியும்வரை அவளை மடியிலிருந்து இறக்கவில்லை. மாற்றிப் பிடித்துக்கொள்ள ஆளில்லை.

சளிக் கிருமி பேருந்திலும் இருக்கும், பள்ளியிலும் இருக்கும் என்றார் டாக்டரம்மா. மற்ற பிள்ளைகளுக்கு மூக்கோடு போய்விடுவது, ஆஸ்துமா உள்ளவளுக்கு மூச்சுக்குழாயை இறுக்கிவிடுகிறதாம். உள்ளே வீக்கம் ஏறாமல் வைக்கத்தான் தினசரி இழுக்கும் இன்னொரு பம்ப். நன்றாக இருக்கும் நாளிலும் அதை நிறுத்தக் கூடாதாம்.

இனி எழுதுவதை உட்கார்ந்து படியுங்கள். போன வருடம் நீங்கள் சளியோடு வந்து அவளை முத்தமிட்டீர்கள், மூன்றாம் நாள் ஆக்சிஜன் வைத்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, "நானே எமனா வந்துட்டேன்" என்றீர்கள். அதற்கு முன் இரண்டு மாதமாகத் தினசரி பம்பை நிறுத்தியிருந்தவள் நான். ஓடியாடி விளையாடுகிறவளுக்கு எதற்கு மருந்து என்று நினைத்துவிட்டேன். சளி உங்களிடமிருந்தே வந்திருக்கலாம். கதவைத் திறந்து வைத்தவள் நான். பழியை உங்கள் தலையில் விட்டுவிட்டு ஊமையாக இருந்தேன். நீங்களும் அதற்குப் பிறகு வந்த இரண்டு லீவையும் வேண்டாமென்று விட்டுவிட்டீர்கள்.

நேற்றுத் தலை வாரும்போது கேட்டாள்: "அப்பா வராமயே எனக்குச் சளி வந்துடுச்சேம்மா. அப்போ அப்பா வரலாம்ல?" பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னினேன்.

என்மேல் கோபம் வரட்டும். இங்கே வந்து எதிரே உட்கார்ந்து திட்டுங்கள். மூக்கு ஒழுகினால் முகமூடி போட்டுக்கொண்டு கூடத்தில் படுத்துக்கொள்ளலாம். வந்துவிடுங்கள்.

உங்கள் மனைவி,
வாண்டுவின் அம்மா