மலையில் வைத்த ஸ்பேனர்

மாப்ளே,

இன்று காலை பலாப்பழம் அறுத்தேன். அறுப்பதற்கு முன் வழக்கம்போல் உள்ளங்கையில் எண்ணெய் விட்டு விரல் இடுக்கு வரை தேய்த்துக்கொண்டேன். பளபளவென்று இருந்த என் கைகளைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. தனியாக உட்கார்ந்து சிரிக்கிற கிழவனைப் பார்த்து மருமகள், "என்னங்க மாமா, பழத்துக்குள்ள யாரு இருக்கறாங்க?" என்று கேட்டாள். நீ இருக்கிறாய் என்று சொல்லவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஆமாம், நானேதான் எழுதுகிறேன். மருமகள் மலைக்குக் கீழே பள்ளிக்கூடம் போய் வந்தவள். மழைக்காலம் முழுக்க அடுப்புக்குப் பக்கத்தில் கரித்துண்டால் எழுத்துப் போட்டுக் காட்டிச் சொல்லிக்கொடுத்தாள். ஒரு வரி எழுதுவதற்குள் ஒரு வெற்றிலையை மென்று முடித்துவிடலாம், அவ்வளவு மெதுவாகத்தான் வருகிறது. ஆனால் வருகிறது. அதைப் பார்க்கும்போது எனக்கு உண்டாகும் சந்தோஷத்தை, நீ முதன்முதலாக அந்தக் காரை மலையடிவாரத்துக் காரவள்ளிச் சந்தைக்கு ஓட்டி வந்தபோது உன் முகத்தில் பார்த்திருக்கிறேன்.

கார் உன் மச்சினனுடையது. பழசாக வாங்கினான். ஓட்டுவது நீ. காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து ராசிபுரத்துக்கும் சேலத்துக்கும் ஆள் ஏற்றிப் போவாய். நான் மிளகையும் பலாவையும் தலைச்சுமையாக மலையிலிருந்து இறக்குவேன். சந்தையில் சுமை விற்றதும் உன் கார் நிழலுக்கு வந்துவிடுவேன். நீ முன்பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "இந்தச் சத்தத்தக் கேளு மாப்ளே" என்பாய். எனக்கு அது தையல் மிஷின் ஓடுவது மாதிரி கேட்கும்.

அந்தச் சத்தம் வந்த இடத்தில்தான் நோயும் இருந்தது. இஞ்சினின் தலைமேல் நீளமாக ஒரு தகர மூடி. டேப்பட் கவர் என்று சொல்லித் தந்தாய். அதற்குள் சின்னச் சின்னச் சுத்திகள் ஓயாமல் தட்டிக்கொண்டிருக்க, எண்ணெய் தெறித்துக்கொண்டே இருக்கும். அது வெளியே வராமலிருக்க மூடிக்கும் இஞ்சினுக்கும் நடுவே தக்கையில் வெட்டிய ஒரு பட்டை. அந்தப் பட்டை காய்ந்து சுருங்கிப்போனது. எண்ணெய் கசிந்து, கீழே கொதித்துக்கொண்டிருந்த புகைக்குழாயின்மேல் சொட்டியது. நீலப் புகை கால்வைக்கும் பலகையின் இடுக்கு வழியாக உள்ளே ஏறியது. வெள்ளை வேட்டியோடு ஏறியவர்கள் இருமிக்கொண்டே இறங்கினார்கள்.

ஒரு சந்தை நாளில் உன் மச்சினனே வந்துவிட்டான். கூட்டத்தின் நடுவே, "ஏனுங்க மச்சான், இது காரா, சாம்பிராணிச் சட்டியா?" என்று கேட்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "திங்கக்கெழம அம்மாவச் சேலத்துக்குக் கூட்டிட்டுப் போவோணும். நானும் வாரேன். வழியில பொக வந்துச்சுன்னா சாவியக் குடுத்துட்டு, நீங்க பழையபடி கடையில உக்காந்து பருப்பு நிறுக்கலாம்."

பருப்புக் கடையில் உன்னைப் பார்த்தவன் நான். அவ்வளவு உயரமான ஆள், தராசுக்குப் பின்னால் கூனிப்போய்த் தெரிவாய். ஸ்டீரிங் பிடித்த பிறகுதான் நிமிர்ந்து உட்கார்ந்தாய்.

கசிவுக்கு உனக்குத் தெரிந்த வைத்தியம் முறுக்குவதுதான். மூடியைச் சுற்றியிருந்த திருகாணிகளை ஸ்பேனரால் இன்னொரு சுற்று முறுக்குவாய். மறுநாள் இன்னும் ஒன்று. முறுக்க முறுக்கக் கசிவு கூடிக்கொண்டே போனது. அதனால்தான் நான் வாயைத் திறந்தேன்.

"எங்கூர்ல பானை விரிசல் உட்டா பலாப்பாலக் காய்ச்சி அப்பீருவோம். ஒரு பொட்டுத் தண்ணி வராது."

"காருக்கா மாப்ளே?"

"பானைக்குக் கேக்கறது காருக்குக் கேக்காதா?"

ஜும்மா தொழுகைக்குப் போட்ட சட்டையோடு நீ மூடியைத் தூக்கிப் பிடித்தாய். பால் கையில் ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது என்பதால் நான் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, காய்ச்சிய பாலை விளிம்பு முழுக்க அப்பினேன். நின்ற இடத்தில் இஞ்சினை ஓட்டிப் பார்த்தோம். ஒரு சொட்டு இல்லை. நாம் இருவரும் பெரிய டாக்டர்கள் மாதிரி பார்த்துக்கொண்டோம்.

திங்கட்கிழமை என்னையும் முன்னால் ஏற்றிக்கொண்டாய். பின்னால் உன் மச்சினனும் மாமியாரும். ஊர் எல்லை தாண்டியதும் உன் மாமியார் முன்னே குனிந்தார்.

"ஏஞ் சாமி, பலாப்பழத்த எங்க ஒளிச்சு வெச்சிருக்கறீங்க? ஒரு சொளை குடுங்களே."

நாம் இருவரும் ரோட்டையே பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் பழ வாசனை கருகல் நாற்றமானது. பிறகு புகை வந்தது, முன்பு வந்ததைவிடக் கெட்டியாக. காரை ஓரமாக நிறுத்தினாய். உன் மச்சினன் கையை நீட்டினான். சாவியை எடுத்தாய், விரல்கள் அதை விடவில்லை.

"அத எங்கிட்டக் குடுங்க மாப்பிள்ளே" என்றார் உன் மாமியார். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். "போவோணும்னு கெளம்புனவ நானு. சேலத்துல பொறந்திருக்கற என் பேரன் ஒரு வாரத்துல எங்கயும் ஓடீற மாட்டான். அடுத்த திங்கக்கெழம பொக இல்லாமக் கொண்டு போய்ச் சேத்துனா சாவி உங்குளுது. இல்லீன்னா இவனுது." அப்புறம் மகனைப் பார்த்து, "பாத்துட்டு நிக்காத, எறங்கித் தள்ளு" என்றார்.

சாவி அவர் முந்தானையில் இருந்ததால் ஊர் வரை தள்ளிக்கொண்டுதான் வந்தோம். அவர் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் மூடியைக் கழற்றினோம். கருகாத இடத்திலெல்லாம் பலாப்பால் பாம்புச் சட்டை போல உரிந்து கையோடு வந்தது. இரும்பில் எங்கும் ஒட்டவே இல்லை. நீ அதைப் பார்த்தாய். பிறகு என் கையைப் பார்த்தாய். பழக்கதோஷம், அன்றைக்கும் எண்ணெய் தேய்த்திருந்தேன்.

"எதுக்கு மாப்ளே எண்ணெ தேச்சிருக்கற?"

"பால் ஒட்டாம இருக்கத்தான்."

சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. எண்ணெய் பட்ட இடத்தில் பலாப்பால் ஒட்டாது. எங்கள் மலையில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் அது தெரியும். அதைத்தான் எண்ணெயில் ஊறிக்கிடந்த இஞ்சினில் அவ்வளவு பக்தியோடு அப்பியிருந்தேன். நீ சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாய். சாவி போகப்போகிற மனிதன் அப்படிச் சிரித்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப மொதல்ல எண்ணெயத் தொடைக்கோணும்" என்றாய்.

அங்கிருந்துதான் சரியான வேலை தொடங்கியது. ஒட்டியிருந்த பழைய தக்கையை மூங்கில் சிம்பால் சுரண்டினோம். பெட்ரோலில் நனைத்த துணியால் இரண்டு விளிம்புகளையும் துடைத்தோம். துணியில் கறுப்பு வராத வரைக்கும் நீ விடவில்லை. பிறகு மூடியைச் சமமான கல்லின்மேல் கவிழ்த்து வைத்தாய். திருகாணி இருந்த இடங்கள் குழிந்து, இடைப்பட்ட விளிம்பு கல்லைத் தொடாமல் தூக்கிக்கொண்டு நின்றது. அந்தச் சந்துகளில் வெளிச்சம் தெரிந்தது. கசிவை நிறுத்த நீ முறுக்கிய ஒவ்வொரு சுற்றும் எண்ணெய்க்கு வழி வெட்டியிருக்கிறது.

மரச்சுத்தியால் மெல்லத் தட்டி அதை நிமிர்த்தினாய். தட்டுவாய், கல்லில் வைத்துப் பார்ப்பாய், மறுபடி தட்டுவாய். சேலத்திலிருந்து பஸ்காரர் கொண்டுவந்த தக்கைத் தகட்டின்மேல் மூடியை வைத்து, ஓரத்தைக் கரியால் வரைந்து, கத்தியால் பட்டை வெட்டினோம். திருகாணிகளை முதலில் விரலாலேயே பூட்டினாய். பிறகு ஸ்பேனரால் நடுவில் ஒன்று, எதிரில் ஒன்று என்று மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக. தக்கை லேசாக அமுங்கியதும் நிறுத்தினாய். உன் கை ஸ்பேனரை விட்டு வரவில்லை.

"இன்னும் ஒரே ஒரு சுத்து மாப்ளே."

"வேண்டாம்."

பெருமூச்சு விட்டு ஸ்பேனரை என்னிடம் நீட்டினாய். "இத மேல கொண்டு போயிரு. அந்தத் திருகாணிக்குச் சேர்றது இது ஒண்ணுதான். கீழ இருந்தா நான் முறுக்கீருவேன்."

அடுத்த திங்கட்கிழமை ஓட்டுவதற்காக மட்டும் சாவியை இரவல் கொடுத்தார் உன் மாமியார். ராசிபுரம் வருவதற்குள் தூங்கிவிட்டார். உன் மச்சினன் வழியெல்லாம் குனிந்து பலகை இடுக்கை மோந்துகொண்டே வந்தான். சேலத்தில் மகள் வீட்டு வாசலில் நிறுத்தும் வரை ஒரு பிசிறு புகை இல்லை. அவர் விழித்து, இறங்கி, திரும்பிப் பார்க்காமல் உள்ளே நடந்தார். சாவி காரிலேயே இருந்தது.

"மாமி, சாவி" என்றாய் நீ.

"ஏன், வேண்டாமா?" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

நீ மறுபடி பருப்பு நிறுக்கவே இல்லை.

ஆனால் உன் கை அரிப்பும் போகவில்லை. ரோடு இல்லாத மலை; காரவள்ளியிலிருந்து காட்டுப்பாதையில் மூச்சு வாங்கி ஏறி வருவாய். "கொஞ்சம் ஈரமாத் தெரியுது மாப்ளே, ஸ்பேனரக் குடு" என்பாய். "சொட்டுதா?" என்பேன். "சொட்டல" என்பாய். "அப்ப ஈரம் இருந்துட்டுப் போவுது, கையக் கழுவு" என்பேன். சாமைச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம் போட்டு, வெறுங்கையோடு இறங்குவாய். நான் தரமாட்டேன் என்று தெரிந்துதான் அத்தனை தடவை ஏறி வந்தாய் என்பது எனக்குத் தாமதமாகத்தான் விளங்கியது. கடைசியாக வந்தபோது பாறைக்குப் பாறை உட்கார்ந்து எழுந்து வந்திருந்தாய். ஸ்பேனரைக் கேட்கவே இல்லை. தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டாய்.

நீ போன பிறகு அந்தக் காரை உன் மகன் ஓட்டுகிறான். சந்தைக்கு இறங்கும்போதெல்லாம் நான் ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டு போகிறேன். அவசரத்துக்கு வேண்டுமே என்றுதான். போன சந்தையில் உன் மகன் என் இடுப்பைப் பார்த்துவிட்டான்.

"மாமா, அதக் கொஞ்சம் குடுங்க. மூடியோரம் ஈரமா இருக்குது."

"சொட்டுதா?"

"இல்லீங்க."

"அப்பக் குடுக்க முடியாது. வேணும்னா மேல வந்து கேளு."

உன்னைப் போலவே அவனுக்கும் கை அரிக்கிறது. நாளைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். சாமை குத்தி வைத்தாயிற்று.