நூறு மில்லிமீட்டர் கோடு

நவம்பர் 4, செவ்வாய்

இன்றைக்குத் தமிழ் பேசியது கால் மணி நேரம். அதுவும் தீனா வந்ததால்.

நான் டிராயிங் போடுகிற ஆர்க்கிடெக்ட் ஆபீஸுக்குத் தீனாதான் மர வேலை செய்கிற மிஸ்திரி. என் வயசுதான் இருக்கும், முப்பது, முப்பத்தொன்று. டில்லியிலேயே பிறந்தவர். அம்மா அப்பா கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. நரேலாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறார்.

பாஸ் பெயர் வத்சலா. பெயர்தான் வத்சலா! நான் சேர்ந்து ஐந்து மாதமாச்சு, மேடம் வாயிலிருந்து ஒரு தமிழ் வார்த்தை விழவில்லை. என்னை "இலவர்சி" என்கிறார். கோவில்பட்டியில் எவனாவது அப்படிக் கூப்பிட்டிருந்தால் நடப்பதே வேறு.

நவம்பர் 6, வியாழன்

ஜங்புராவில் நாங்கள் வேலை செய்கிற வீட்டின் பூஜை அறை வாசலுக்கு மர வளைவு. வீட்டுக்காரரின் பழைய வீட்டுக் கதவுகளைக் கழற்றி வைத்திருக்கிறார்கள், பர்மா தேக்கு. அதிலேயே செய்யணுமாம்.

கம்ப்யூட்டரில் எதையும் நான் சுருக்கி வரைவதில்லை. ஆயிரத்து இருநூறு மில்லிமீட்டர் வாசல் என்றால் ஆயிரத்து இருநூறுதான். ஸ்கேல் எல்லாம் பேப்பரில் எடுக்கும்போதுதான். இந்த வளைவை மட்டும் பேப்பரிலும் நிஜ அளவிலேயே எடுக்கணும். தீனா அதை மரத்தில் ஒட்டி, கோட்டின் மேலேயே அறுப்பார்.

"ஓரத்துல ஒரு கோடு போட்டுக் குடுங்க மேடம், நூறு மில்லிமீட்டருக்கு. டேப் வச்சுப் பாத்துக்குவேன்" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "என் டிராயிங்குக்கே டேப் வச்சுப் பாப்பீங்களா? ஏழு வருஷமா இதான் என் பொழப்பு."

"அச்சா அச்சா, கோச்சுக்காதீங்க. நீங்க சொன்னா சரிதான்."

மேடம் என்று கூப்பிடாதீங்க என்றும் சொன்னேன். போகும்போது "வரேன் இளவரசி ஜி" என்றார். சிரிப்பு வந்தது.

நவம்பர் 9, ஞாயிறு

யாரிடமும் பேசவில்லை. பால்கடையில் அரை லிட்டருக்கு "ஆதா லிட்டர்" என்றது கணக்கில் வராது.

நவம்பர் 11, செவ்வாய்

பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாச்சு. பாதி வளைவு ஒரே ஷீட்டில், திருப்பிப் போட்டால் மறுபாதி. டப்பாவில் லெமன் சாதம் இருந்தது, பாதியைத் தீனாவுக்கு வைத்தேன். "எங்கம்மா செய்யிற மாதிரி இல்ல. ஆனா பரவால்ல, உயிருக்கு ஆபத்தில்ல." ரொம்பக் கொழுப்பு. அப்புறம் நரேலா, கோவில்பட்டி, இந்தப் புகை என்று நாற்பது நிமிஷம். இந்த ஊரில் இவ்வளவு நேரம் நான் யாரிடமும் பேசியதில்லை.

நவம்பர் 17, திங்கள்

வளைவு சேரவில்லை.

சைட்டில் எல்லோரும் நிற்கிறோம். தூக்கி வைத்தால் இரண்டு பக்கமும் ஒரு விரல் நுழைகிற இடைவெளி. ஆயிரத்து நூற்று ஐம்பத்திரண்டுதான் இருக்கிறது. தீனா டேப்பைத் திரும்பத் திரும்ப வைத்துப் பார்க்கிறார். வீட்டுக்காரர் கத்தவில்லை, கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த மரத்தைத் தடவிக்கொண்டு, "இது தாத்தா வீட்டுக் கதவு" என்று ஹிந்தியில் மெதுவாகச் சொன்னார்.

மேடம் லேப்டாப்பைத் திறந்தார். என் டிராயிங்கில் ஆயிரத்து இருநூறு. பேப்பரைத் தேடினால், அறுத்து இழைத்ததில் தூளாகப் போயிருந்தது. தீனாவை எல்லா வேலையிலிருந்தும் நிறுத்தச் சொல்லிவிட்டார்.

தீனா என்னைப் பார்த்தார். எனக்கும் புரியவில்லை என்றேன். அப்போது நிஜமாகவே புரியவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

புரிந்துவிட்டது.

பிரிண்ட் விண்டோவைத் திறந்தேன். 'ஃபிட் டு பேப்பர்' டிக்கில் நிற்கிறது. அதாவது, பேப்பருக்குள் அடங்குகிற மாதிரி சுருக்கிக்கொள் என்று அர்த்தம். வளைவை பிரிண்ட் எடுத்ததற்கு முந்தின நாள் வேறு எதற்கோ போட்டது, எடுக்க மறந்திருக்கிறேன். சுற்றிலும் மார்ஜின் விட்டுச் சுருக்கியிருக்கிறது. நூறுக்குத் தொண்ணூற்றாறு. ஆயிரத்து இருநூறுக்கு ஆயிரத்து நூற்று ஐம்பத்திரண்டு!

அந்த ஒரு கோட்டைப் போட்டிருந்தால் டேப்பில் தொண்ணூற்றாறு என்று காட்டியிருக்கும். கூறுகெட்ட மூதி. பெரிய இவ, ஏழு வருஷமாம்.

டிக்கை எடுத்தேன். மேடம் ரூம் கதவு திறந்துதான் இருந்தது. போகவில்லை.

நவம்பர் 20, வியாழன்

தீனாவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். "இளவரசி ஜி, பேப்பர் சரியாத்தான இருந்திச்சு? ஒரு வாட்டி பாத்துச் சொல்றீங்களா? நான்தான் எங்கயோ தப்பு விட்டுட்டேன் போல."

"பாக்குறேன்" என்று அனுப்பினேன்.

பாக்குறேனாம்.

நவம்பர் 23, ஞாயிறு

ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போனேன். அப்பளம், தோசை அரிசி. கடையில் ஒரு குடும்பம் தமிழில் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் போகும்வரை அங்கேயே நின்று கேட்டேன். அந்தம்மா என்னைத் திருடி மாதிரி பார்த்தார்.

மேடத்திடம் சொன்னால் வேலை போகும். வேலை போனால் ஊருக்கு. ஊருக்குப் போனால் அண்ணி, "டில்லி பாத்தாச்சா?" என்பாள். அது சரி, சொல்லாமல் இருந்து மட்டும் என்னத்தைக் கிழிக்கிறேன்? பேச இருந்ததே ஒருத்தர். அவரையும் பலி கொடுத்துவிட்டு யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவேன்?

நவம்பர் 26, புதன்

சொல்லிவிட்டேன்.

மேடம் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "அறிவிருக்கா உனக்கு? அவன் பொழப்புல மண்ணைப் போட்டுட்டு இத்தனை நாள் எப்பிடி இங்க உக்காந்திருந்தே?" சுத்தமான தமிழ். எனக்கு அழுகை வந்துவிட்டது. திட்டினதற்கா, தமிழுக்கா? தெரியவில்லை.

வேலை போகவில்லை. வீட்டுக்காரரிடம் மேடமே பேசினார், இன்னொரு கதவு மிச்சமிருக்கிறதாம். "அவன்கிட்ட நீயே சொல்லு" என்றார்.

மொட்டை மாடிக்குப் போய் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் தீனா, "எப்பத் தெரியும் உங்களுக்கு?" என்றார்.

"பதினெட்டாம் தேதி."

"நான் மெசேஜ் போட்டப்ப?"

"தெரியும்."



"எங்கம்மா கேட்டாங்க, நெசமாவே தப்பா அறுத்துட்டியாடான்னு. ஆமாம்மா, கை தவறிடிச்சின்னு சொன்னேன். நானே நம்பிட்டேன், ஜி."

திட்டுங்க என்றேன். வைத்துவிட்டார்.

நவம்பர் 30, ஞாயிறு

மன்னிப்புக் கேட்டு இரண்டு மெசேஜ். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

டிசம்பர் 5, வெள்ளி

மேடம் தீனாவைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார், வருகிறாராம். வளைவை மறுபடி பிரிண்ட் எடுத்தேன். கீழ் ஓரத்தில் நூறு மில்லிமீட்டர் கோடு. மூன்று தடவை அளந்தேன். நூறு.

டிசம்பர் 9, செவ்வாய்

தீனா சைட்டுக்கு வந்தார். இளைத்திருக்கிறார். டப்பாவில் இரண்டு பேருக்கு லெமன் சாதம் கட்டிக்கொண்டு போயிருந்தேன்.

ஷீட்டைத் தரையில் விரித்து, நான்கு மூலையிலும் செங்கல் வைத்தார். முதலில் கோட்டைத்தான் தேடினார். டேப்பை வைத்து, குனிந்து பார்த்தார்.

"டீக் ஹை, மேடம்" என்றார், சரியாக இருக்கிறதென்று.

அப்புறம் எல்லாமே ஹிந்திதான். மரம் எத்தனை நாளில் தயாராகும், மேலே எத்தனை ஸ்க்ரூ வரும். ரொம்ப மரியாதையாகப் பேசினார். டப்பா பையிலேயே இருந்தது. நானும் ஹிந்தியிலேயே பதில் சொன்னேன்.