ஏரிக்கரைக்கு நாலாவது ஆள்

பாகூர்
ஜனவரி 4, ஞாயிறு

அன்பு மகள் சரண்யாவுக்கு,

இன்று காலை ஆறு மணி இருபது நிமிடத்துக்கு, ஏரிக்கரையில், உன் அம்மா சிரித்தாள். நான் நேரில் பார்க்கவில்லை. சொன்னவர் மதகுக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் சாமிக்கண்ணு; சிரிப்பு கடைவரை கேட்டது என்கிறார். கூட நடந்த இளவரசியிடமும் விசாரித்தேன், அக்கா இடுப்பைப் புடிச்சிக்கினு சிரிச்சுது அண்ணே என்றாள். இரண்டு பேர் சொல்வதும் ஒத்துப்போகிறது, அதனால் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம், அங்கே நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று உனக்கு எழுதி ஐந்து மாதம் ஆகிறது. ஆடியில் செல்லிப்பட்டுப் பெரியம்மா தவறிப்போனபிறகு அந்த வரிக்கு எனக்குக் கை வரவில்லை. வேலையை விட்டுவிட்டு வந்து அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நீ சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமும் இல்லை. போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் போனை எடுத்தால் உன் அம்மா பக்கத்தில் வந்து நிற்கிறாள். உன்னோடு படித்த பாக்யராஜ் லீவு முடிந்து நாளை பிரான்சுக்கு, உன் லியோனுக்கே, திரும்புகிறான், எலுமிச்சை ஊறுகாயோடு இதையும் அவனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

வீடியோவில் நீ பார்த்தது நல்லா இருக்கேன், நீ சாப்ட்டியா என்று கேட்டுவிட்டு மூன்று நொடியில் போனை என்னிடம் தரும் அம்மாவை. நீ பார்க்காததையும் சொல்கிறேன். பகலிலும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பாள். ஒரு நாள் குழம்பில் உப்பு இருக்காது, மறுநாள் இரண்டு தடவை இருக்கும். இரண்டையும் நன்றாயிருக்கிறது என்று சாப்பிட்டேன். முப்பத்தொரு வருஷம் பத்திரிகைக்குச் சரிபார்த்துச் செய்தி அனுப்பியவன் வீட்டுக்குள் இப்படிப் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா மாத்திரை கொடுத்து, தினமும் நடக்கணும், தனியாக வேண்டாம், பேச்சுத்துணையோடு நடக்கணும் என்றார். நான் துணைக்கு வருகிறேன் என்றேன். உங்ககூட நடந்தா உரம் வெலையும் ஏரித் தண்ணி அளவும் கேக்கணும் என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் விடியலில் வாசலில் மூன்று பெண்கள் நின்றார்கள். அடுத்த தெரு இளவரசி, பால் சொசைட்டி குப்பு, வங்கியில் வேலை பார்க்கும் பிரியதர்ஷினி. அவர்களோடு நடக்கும் குப்புவின் நாத்தனார், தன் மகள் பிரசவத்துக்குச் சிதம்பரம் போய்விட்டாளாம். அக்கா, இன்னிக்கு ஒரு நா மட்டும் வாக்கா, மூணு பேரா நிக்கறோம் என்றாள் இளவரசி. மூன்று பேராகக் கிளம்பினால் போகிற காரியம் விளங்காது என்று இங்கே சொல்வது உனக்குத் தெரியும். அது பெண் பார்க்க, நிலம் பார்க்கப் போகிறவர்களுக்குத்தானே, நடப்பதற்கு என்ன என்று நான் குறுக்கே பேசினேன். ஏன், நடக்கறது இன்னா கெட்ட காரியமா என்று கேட்டாள் இளவரசி. உன் அம்மா தனக்காக எழுந்திருக்க மாட்டாள், ஆனால் தன்னால் இன்னொருத்தி காரியம் கெட்டது என்ற பேர் வரக்கூடாது அவளுக்கு. நீ கல்லூரியில் போட்ட நீல ஷூவை மாட்டிக்கொண்டு, இன்னிக்கு மட்டுந்தான் என்று சொல்லிவிட்டுப் போனாள். நாத்தனார் இன்னும் திரும்பவில்லை. அந்த ஒரு நாள் இன்றோடு முப்பத்திரண்டு நாள் ஆகிறது, மழைக்கு மூன்று கழித்துக்கொள். நானும் வரட்டுமா என்று இரண்டாம் நாள் கேட்டேன். நீங்க வந்தா நாங்க இன்னாத்தப் பேசறது அண்ணே என்றாள் குப்பு. அதிலிருந்து எனக்குச் செய்தி சாமிக்கண்ணு கடையில்தான் கிடைக்கிறது, ஒரு டீக்கு ஒரு தகவல். சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது, அதை அம்மாவிடம் சொல்லாதே.

பத்தாம் நாள் ஓர் எருமை துரத்தி நான்கு பேரும் மதகிலிருந்து மின்கம்பம்வரை ஓடினார்களாம். எருமை துரத்தவில்லை, அது பாட்டுக்கு அதன் வழியில் போனது என்கிறார் சாமிக்கண்ணு. எப்படியோ, மறுநாள் எருமை இல்லாமலே ஓடினார்கள், இப்போது தினமும் அந்தத் தூரம் ஓட்டம்தான். பதினாறாம் நாள் நடந்ததை அவர் சொல்லத் தயங்கினார். உன் அம்மா கரையில் உட்கார்ந்து சத்தம்போட்டு அழுதிருக்கிறாள், அக்கா அக்கா என்று. மற்ற மூன்று பேரும் அழாதே என்று சொல்லவில்லையாம், சுற்றி நின்றார்களாம். கடைசியில் இளவரசி, அழுது முடிச்சியாக்கா, எழுந்துரு, தரையெல்லாம் பனி என்றாளாம். ஐந்து மாதமாக வீட்டில் ஒரு சொட்டு அழாதவளிடம் அழாதே அழாதே என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான். அன்று மத்தியானம் உப்பு சரியாக இருந்தது.

இந்த நிலையில் பிரியதர்ஷினிக்குக் காரைக்காலுக்கு மாற்றல் வந்து நேற்றுப் போய்விட்டாள். மறுபடி மூன்று பேர். ராத்திரியே உன் அம்மா, அவ்ளோதான், இனிமே போவ முடியாது என்று ஷூவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். காலையில் இளவரசி வந்தாள், சாமிக்கண்ணு கடை நாயை நாலாவதாகக் கூட்டிப் போகலாம் என்று. நான் இருக்கிறேனே என்றேன். நாய் கேள்வி கேக்காது அண்ணே என்றாள். பிஸ்கட்டைக் காட்டி நாயை நடத்திப் போயிருக்கிறார்கள். பாதிக் கரையில் பிஸ்கட் தீர்ந்தது, நாய் திரும்பிக் கடைக்குப் போய்விட்டது. கிளம்பும்போது நாலு, இப்போது மூன்று, முன்னே போவதா பின்னே போவதா என்று கரை நடுவில் நின்று வாதாடியிருக்கிறார்கள். குப்பு, நாய் மட்டும் உருப்படியா வூடு போய்ச் சேந்துடுச்சு என்றாளாம். அப்போதுதான் அந்தச் சிரிப்பு.

இனி எழுதுவது நான் நேரில் பார்த்தது. திரும்பி வந்தவள் ஷூவைக் கழற்றாமல் நேரே பக்கத்து வீட்டுக் கனகாம்பாள் கதவைத் தட்டினாள். முருங்கை மரம் நம் பக்கம் சாய்ந்ததிலிருந்து ஒன்பது வருஷமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. அவள் மகனும் சிங்கப்பூர் போய், நாளெல்லாம் டிவி முன்னால் தனியாகத்தான் கிடக்கிறாள். கனகாம்பா, காலைல அஞ்சே முக்காலுக்கு வா, மூணு பேரா இருக்கோம் என்றாள் உன் அம்மா. அப்ப முருங்க மரம் என்று கேட்டாள் அவள். அது எங்கயும் ஓடாது, சண்டைய நடந்துட்டு வந்து போட்டுக்கலாம் என்றாள் உன் அம்மா. ஐந்து மாதத்தில் அவளாகத் தேடிப்போய் ஒரு கதவைத் தட்டியது இதுதான். மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், மூக்கை உறிஞ்சிவிட்டதில் மாட்டிக்கொண்டேன்.

நீயும் அங்கே காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தனியாக ஓடுகிறாய் என்று பாக்யராஜ் சொன்னான். பக்கத்து ஃப்ளாட்காரியைக் கூப்பிட்டுக்கொள். அந்த ஊரில் மூன்று பேர் போகலாமா என்று எனக்குத் தெரியாது, விசாரித்துக்கொள். குளிருக்குக் காதை மூடு. உடம்பும் மனசும் குறைவில்லாமல் நீ நிறைந்திருக்க வேண்டும் என்று நம் வீட்டுச் சாமியிடம் இருவரும் வேண்டிக்கொள்கிறோம். ராஜினாமாக் கடிதத்தை மட்டும் இந்த வாரம் கொடுக்காதே. கனகாம்பாள் புதன்கிழமை முட்டி டாக்டரைப் பார்த்துவிட்டு வியாழக்கிழமை பதில் சொல்வதாக இருக்கிறாள். அதுவரை, பத்தடி தள்ளி வர வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது என்று மூவரும் போட்ட நிபந்தனையோடு, நாளை காலை முதல் நாலாவது ஆள் நான்தான்.

உன் அப்பா,
அரங்கநாதன்