ஓடைக்கு இக்கரை

ஜூன் 3, செவ்வாய்

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை முடித்துத் திரும்பும்போது பார்த்தேன். ஓடைக்கு அக்கரையில் இன்னும் இரண்டு தகரக் கொட்டகை. தென்மாவட்டத்துக்காரர்கள் வந்து ஒரு வருடம் ஆகவில்லை, பதினோரு குடும்பம் ஆகிவிட்டது. அந்தப் புறம்போக்கை நம்பித்தான் எங்கள் ஆடுகள். இனி எங்கே மேய்ப்பது?

ஜூன் 8

மேய்ச்சல் நிலத்தின் நடுவில் சுண்ணாம்பு அடித்த கல் நட்டிருக்கிறார்கள். எல்லைக்கல்! பாதி நிலம் போச்சு. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

ஜூன் 9

இவர் நாலு பேரோடு போய்க் கல்லைப் பிடுங்கி ஓடையில் போட்டுவிட்டு வந்தார். எனக்குச் சந்தோஷம்தான். பொய் எழுதி என்ன?

ஜூன் 10

அது எல்லைக்கல் இல்லை. என் டேபிளில் பீஸ் பார்க்கும் முத்துப்பேச்சியும் அக்கரைதான். அழுதாள். "அது எங்க சுடலை சாமிக்கா. ஊர்க் கோயில்ல இருந்து பிடிமண் எடுத்தாந்து நட்டோம்." எங்கள் பக்கம் வெள்ளைக்கல் என்றால் சர்வே கல்தான். நான் என்ன கண்டேன்?

"ஏனுங்க, போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துரலாங்க" என்றேன். "கல்லுல பேரா எழுதியிருந்துச்சு?" என்றார்.

ஜூன் 11

எங்கள் ஆட்டுப்பட்டிக்குத் தீ வைத்துவிட்டார்கள். ஏழு ஆடு. இவர் அரிவாளோடு ஓடினார். முத்துப்பேச்சி புருஷன் இசக்கிமுத்துவுக்கு மூன்று விரல் போய்விட்டது. அவனும் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் டெய்லர். ஐயோ, அவன் இனி எதை வைத்துத் தைப்பான்?

ஜூன் 12

போலீஸ் வந்து இவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஜூன் 17

பக்கத்து வீட்டு சென்னியப்பன் மாமா வந்தார். "நீதாங் கண்ணு படிச்சவ. மனு எழுது. அவியளக் கெளப்புனாத்தான் நமக்கு நிம்மதி." எனக்கும் ஆத்திரம் தணியவில்லை. புறம்போக்கை அளந்து ஆக்கிரமிப்பை அகற்றக் கோரி எழுதினேன். இக்கரைக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஜூலை 9

அளந்தார்கள். அக்கரையை முடித்த சர்வேயர் டேப்பைச் சுருட்டாமல் ஓடையைத் தாண்டி எங்கள் வாசலுக்கே வந்தார்.

"இங்க எதுக்குங்க?"

"ரெண்டு கரையும் ஒரே சர்வே நம்பர்தாம்மா. பட்டா இருக்கா?"

"நாலு தலைமொறையா இங்கதானுங்க இருக்கறோம்."

அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

ஜூலை 23

காலையில் அக்கரையில் ஜேசிபி. மத்தியானத்துக்குள் ஒன்றும் இல்லை. எங்களுக்கு வீட்டைக் காலி செய்யப் பதினைந்து நாள் கெடு.

முத்துப்பேச்சி பாத்திரங்களை மினி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். சங்கரன்கோவில் பக்கம் சொந்த ஊருக்கே போகிறார்களாம். என்னைப் பார்த்ததும் நின்றாள்.

"நீங்க எந்த ஊருக்குக்கா போவீங்க?"

குத்தலா, நிஜமாகவே கேட்டாளா, தெரியவில்லை. எனக்குச் சொல்ல வேறு ஊர் இல்லை.