இடது தோளில் ஒரு கை

அக்கா,

இன்று காலை ஞாயிறு ஆராதனைக்காக ஸ்ரீரங்கத்தில் நான் ஏறிய பஸ்ஸில், பக்கத்து சீட்டு அம்மாள் கைப்பையிலிருந்து நீலகிரித் தைலத்தை எடுத்து முழங்காலில் தேய்த்துக்கொண்டார். பஸ் அப்போதுதான் காவிரிப் பாலத்தில் ஏறியிருந்தது. அந்த வாசனை வந்ததும் என் இடது தோள் தானாகக் கொஞ்சம் தாழ்ந்தது. நீங்கள் போய் இரண்டு வருஷமாகிறது. தோளுக்கு அது இன்னும் தெரியவில்லை.

நாம் பழகியது அந்தத் தோளால்தான். மாற்றலாகி இந்த ஊருக்கு வந்த புதிது; ஆலயத்தில் எனக்கு ஒருவரையும் தெரியாது. அன்று மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து. பெண்கள் பந்தி பந்தியாகப் போய்ப் பீடத்தின் முன் முழங்கால் போட்டோம். அப்பமும் திராட்சரசமும் வாங்கி, போதகர் ஆசி கூறி, எல்லோரும் எழும் நேரத்தில், பக்கத்திலிருந்த நீங்கள் ஒரு வார்த்தை கேட்காமல் என் தோளில் கையை ஊன்றி எழுந்தீர்கள். உங்கள் முழு எடையும் அதில் இருந்தது. விழுந்துவிடுவேனோ என்று தரையில் விரல்களை அழுத்திக்கொண்டேன். பிறகு வெளியே வேப்பமரத்தடியில் என்னைத் தேடி வந்து சொன்னீர்கள்: "தோள் எலும்பாத்தான் இருக்கு. ஆனா தாங்குது. அடுத்த மாசமும் என் பக்கத்துலயே முழங்கால் போடு."

முடியாதவர்களுக்கென்று பீடத்தருகே நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் உட்காரலாமே என்று ஒருமுறை கேட்டேன். "பக்கத்துல ஆள் இருக்கப்ப நாற்காலி எதுக்கு?" என்றீர்கள்.

வருஷங்கள் அப்படியே போயின. வீட்டுச் சண்டையோடு வந்து உட்கார்ந்த ஞாயிறுகள் உண்டு. ஜெபிக்க வாயே வராத நாட்களும் உண்டு. அன்றும் அந்தக் கை தைல வாசனையோடு வந்து விழும். யார் யாரைத் தாங்குகிறோம் என்று எனக்குப் புரியாமல் போகும்.

கொரோனாவில் ஆலயம் பூட்டியபோது ஆராதனை போனுக்கு வந்தது. அப்போது அது பெரிய ஆறுதல். நீங்களும் அதைக் குறை சொன்னதில்லை. கதவு திறந்த முதல் வாரமே பொன்மலை வீட்டிலிருந்து நீங்கள் கிளம்பிப் போனீர்கள். நான் போகவில்லை. முதலில் பயம் என்றேன். பிறகு, பாலத்தில் வேலை நடக்கிறது, பஸ் சுற்றிப் போகிறது என்றேன். பாலமும் திறந்தது. அதற்குள் எனக்கு வீடு பழகிவிட்டது.

ஒரு ஞாயிறு மத்தியானம் போன் செய்து, பிரசங்கம் கேட்டாயா என்று விசாரித்தீர்கள். சமையல் மேடையில் போனை வைத்துக் கேட்டேன் என்றேன். "வெங்காயம் உரிச்சுக்கிட்டே பாவ அறிக்கை சொன்னியா? நல்லா அழுதிருப்பியே." இருவரும் சிரித்தோம். வைக்கும் முன், மெதுவாக, "வாம்மா" என்றீர்கள். வரேங்கா என்றேன். அதற்குப் பின்னும் எத்தனையோ முறை அப்படியே சொன்னேன்.

கடைசியில் உங்கள் அடக்க ஆராதனைக்குத்தான் வந்தேன். கல்லறையிலிருந்து திரும்பும்போது, நமக்குப் பின் பெஞ்சில் உட்காரும் அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். ஆலயம் திறந்த நாளிலிருந்து நீங்கள் பீடத்துக்கு ஒருமுறைகூடப் போகவில்லையாம். பெஞ்சைப் பிடித்தபடி நிற்பீர்களாம். போதகர்தான் அப்பத்தையும் ரசத்தையும் அங்கே கொண்டுவந்து கொடுப்பாராம். "நான் பிடிச்சுக்கிறேன், வாங்கன்னு எத்தனை தடவ கூப்பிட்டேன். 'என் ஆளு வரும், அவ வந்ததும் போறேன்'னுட்டாங்க."

போனில் இதை நீங்கள் ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடுத்த ஞாயிறே ஓடி வந்திருப்பேன், உங்கள் முழங்காலுக்காக. அதனால்தான் சொல்லவில்லையோ என்று இப்போது தோன்றுகிறது. கடவுள் என் சமையலறையிலும் இருக்கிறார், எனக்காக அவர் ஆலயத்தில் காத்திருக்க வேண்டியதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய்யில்லை. காத்திருந்தது நீங்கள்.

அதன் பிறகு நான் ஒரு ஞாயிறையும் தவறவிடவில்லை. திருவிருந்தில் ஆசி முடிந்து மற்றவர்கள் எழும்போது, ஒரு கணம் கூடுதலாக முழங்காலில் இருப்பேன். பழக்கம்.

இன்றும் அப்படித்தான் இருந்தேன். பக்கத்தில் ஒரு புதுப்பெண். துவாக்குடியில் வேலைக்கு வந்து இரண்டு வாரம்தான் ஆகிறதாம், இங்கே யாரையும் தெரியாதாம். இதெல்லாம் பிறகு வேப்பமரத்தடியில் சொன்னாள். அப்போது, என்னால் எழ முடியவில்லை என்று நினைத்துத் திரும்பக் குனிந்து, "என்னைப் பிடிச்சுக்கங்க ஆன்ட்டி" என்று கிசுகிசுத்தாள்.

என் முழங்காலுக்கு இன்னும் ஒன்றுமில்லை, அக்கா. ஆனாலும் அவள் தோளில் கையை ஊன்றித்தான் எழுந்தேன். அடுத்த மாதமும் என் பக்கத்திலேயே முழங்கால் போடச் சொல்லியிருக்கிறேன்.