பச்சைச் சட்டைக்காரரின் கடைசி ஆட்டம்

பேரன்பிற்கும் பெருமதிப்பிற்கும் உரிய அக்கா அவர்களுக்கு, உப்பளத்தில் உடன் உழைத்த தங்கை பணிவுடன் எழுதிக்கொள்வது. கோடையிலேயே தெரிவித்திருக்க வேண்டிய செய்தியை மழைக்காலமும் கழிந்த பிறகு தெரிவிக்கிறேன். தாமதத்தைப் பொறுத்தருள வேண்டும்.

நேற்று அளத்துக் கொட்டகையைத் திறந்தோம். மழைநீர் வடிந்து, பாத்திகளை மிதித்துக் கெட்டிப்படுத்தும் வேலை தொடங்கியிருக்கிறது. உப்பு வாரும் பலகையை எடுக்கக் கை நீட்டிய இடத்தில், ஆணியில், தங்கள் கையுறைகள் தொங்கிக்கொண்டிருந்தன. உப்புத்தண்ணீரும் ரப்பரும் கலந்த அந்த வாடை இன்னும் போகவில்லை.

புதுச்சேரிக் கடையில் கோல்கீப்பர் கையுறையைத் தாங்கள் கேட்டபோது கடைக்காரர், "பையனுக்காம்மா?" என்றார். "எனக்குத்தான்பா. உப்பு வார்றதுக்கு" என்றீர்கள். ஒரே வாரத்தில் உப்பு ஏறி அவை கருவாடுபோல் விறைத்துவிட்டன. "பந்து புடிக்கிறது பந்தத்தான் புடிக்கும், வேற வேலைக்கு ஆவாது" என்று தாங்களே தீர்ப்புக் கூறி ஆணியில் மாட்டினீர்கள். எறிய மட்டும் யாரையும் விடவில்லை.

எல்லாம் நம் கூனிமேட்டில் பாய் டீக்கடைத் தொலைக்காட்சியில் தொடங்கியது. வேலை முடிந்து தேநீருக்கு நின்றோம். ஏதோ கால்பந்தாட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏன்டி, எல்லாரும் ஒரே கலர்ல இருக்காங்க. அவன் மட்டும் இன்னாத்துக்குப் பச்ச சட்ட போட்டுனு தனியா நிக்கிறான்?"

"அவரு கோல்கீப்பருக்கா. ஸ்பெயின்காரரு."

"பாவம்டி. யாரும் அவனுக்குப் பந்தே தர்ல."

அப்போது அவர் இளைஞர். பெரிய அணி ஒன்று அவரைச் சிறிய ஊர் அணிக்கு இரவலாக அனுப்பியிருந்தது. அவர் பெயர் தங்கள் நாவுக்கு வசப்படவில்லை. எனவே அவர் பச்சைச் சட்டைக்காரர் ஆனார். பின்னாளில் மஞ்சள், கறுப்பு என எதை அணிந்தாலும் நமக்கு அவர் பச்சைதான். பள்ளிப்படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன நான், அவருடைய ஆட்ட முடிவுகளைத் தங்களுக்குப் படித்துச் சொல்வதற்காகவே கைபேசியில் ஆங்கில எழுத்துகளைக் கற்றுக்கொண்டேன். அந்தக் கல்வியைக் குறித்து எனக்கு இன்றும் பெருமை உண்டு.

முதல் உப்பு வாரும் நாளில், கற்பூரம் ஏற்றி, நலமாக இருக்க வேண்டியவர் பெயரைச் சொல்லி ஆளுக்கொரு கைப்பிடி உப்பைக் குவியலில் இடுவது நம் அளத்து வழக்கம். மற்றவர்கள் கணவனையும் பிள்ளைகளையும் சொன்னார்கள். தனியாக வாழ்ந்த தாங்கள் உரத்த குரலில் பச்சைச் சட்டைக்காரரைச் சொன்னீர்கள். மேஸ்திரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இன்னாம்மா, ஸ்பெயின்ல இருக்கறவனுக்கு மரக்காணத்து உப்பா?"

"ஏம்பா, அவன் சோத்துக்கு உப்பு வேணாமா?"

பிறகு பெரிய அணி அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. ஆனால் இரண்டாம் கீப்பராக. ஆண்டுக்கணக்கில் மைதானத்துக்கு வெளியே நாற்காலியில் அமர்ந்திருந்தார். "உங்க ஆளு உக்காந்தே சம்பளம் வாங்கறாம்மா" என்றார் மேஸ்திரி. "கூப்ட்டா எழுந்து ஓடறதுக்குத் தயாரா உக்காந்துனு இருக்கான். நீ உக்கார்ற மாதிரியா?" என்றீர்கள். அன்று அளமே சிரித்தது.

கூப்பிட்டார்கள். முதல் கீப்பர் காயம்பட்டதால், பெரிய ஆட்டம் ஒன்றின் நடுவில் அவரை இறக்கினார்கள். எளிய பந்து ஒன்று அவர் கையிலிருந்து வழுக்கி உள்ளே போனது, அணி தோற்றது. மறுநாள் மேஸ்திரி வாய் திறப்பதற்குள் தாங்களே முந்திக்கொண்டீர்கள். "பத்து பேரத் தாண்டி வந்த பந்துதான அது? அவுங்கள இன்னான்னு கேட்டியா?" ஆனால் மாலையில் வரப்பில் நடந்து திரும்பும்போது என்னிடம் மட்டும் சொன்னீர்கள். "தலையக் குனிஞ்சினு போனான்டி. ஒரு நாளாவது அவன் தல நிமிந்து வெளிய வர்றத நான் பாத்துடணும்."

பெரிய அணி அவரை விடுவித்தது. முன்பு இரவலாகச் சென்ற அந்தச் சிறிய ஊருக்கே திரும்பிப் போனார். அங்கே வாரந்தோறும் ஆடினார். தங்களுக்கு அவர்மேல் ஒரே குறைதான். பெனால்டியின்போது, "அடிக்கறதுக்கு முன்னாடியே இன்னாத்துக்கு வுழறான்? நின்னாத்தான் இன்னா?" என்பீர்கள். எந்தப் பக்கம் வரும் என்று ஊகித்துத்தான் பாய வேண்டும் என்று எவ்வளவோ விளக்கினேன். தாங்கள் ஏற்கவில்லை.

மருத்துவமனையில் தாங்கள் என்னிடம் கடைசியாகக் கேட்டது, "ஆடினானா?" என்பதுதான். "ஆடினாருக்கா. ஒரு கோல்கூட வுடல" என்றேன். அது உண்மையும்கூட.

இனி செய்தி. கடந்த கோடையில் அவர் தமது கடைசி ஆட்டத்தை ஆடினார். தோற்றால் அந்த ஊர் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடும். பாய் தமது கைபேசியைத் தொலைக்காட்சியோடு இணைத்திருந்தார். அளத்துப் பெண்கள் அனைவரும் வந்திருந்தோம். மேஸ்திரியும் தேநீர்க் கோப்பையுடன் வந்து நின்றார். அணிக்கொரு கோல் என்றிருக்க, முடியும் தறுவாயில் எதிரணிக்குப் பெனால்டி கிடைத்தது. எல்லோரும் பந்தைப் பார்த்தார்கள். "பந்தப் பாக்காதடி, அவனப் பாரு" என்று தாங்கள் சொல்வதுண்டு அல்லவா? நான் அவரைப் பார்த்தேன்.

அவர் விழவில்லை, அக்கா. நின்றார். நேராக வந்த பந்து அவர் நெஞ்சில் பட்டுத் திரும்பியது.

மேஸ்திரியின் தேநீர் அவர் வேட்டியில்தான் இருந்தது. "நின்னுட்டாம்மா! நம்ம ஆளு நின்னுட்டான்!" என்று கத்தினார். உங்க ஆளு என்றே அதுவரை சொல்லிவந்தவர். ஆட்டம் சமனாக முடிந்தது, அணி தப்பியது. அரங்கம் முழுவதும் எழுந்து நின்று கைதட்ட, பச்சைச் சட்டைக்காரர் வெளியே நடந்து வந்தார். காதோரம் நரைத்திருந்தது. தலை நிமிர்ந்திருந்தது. அரங்க வாயில் வரைக்கும் இமைக்காமல் பார்த்தேன். தங்கள் சார்பிலும் பார்த்தேன்.

இதை எழுதிவிட்டால் தங்களுக்குச் சொல்ல அவரைப்பற்றிய செய்தி வேறு இருக்காதே என்ற தயக்கமே தாமதத்திற்குக் காரணம். இப்போதும் எந்த ஆட்டத்தைப் பார்த்தாலும், பந்து இல்லாத பக்கத்தில் தனியாக நிற்பவரைத்தான் என் கண் தேடுகிறது. அது தங்களிடமிருந்து வந்த பழக்கம்.

ஒன்றில் மட்டும் தங்கள் முடிவு தேவைப்படுகிறது. தாங்கள் போன பிறகு, முதல் உப்பில் அவர் பெயரை நான்தான் சொல்லி வருகிறேன். "ஆட்டந்தான் முடிஞ்சிடுச்சே, இந்த வருசம் யார் பேரச் சொல்லப்போற?" என்று மேஸ்திரி நேற்று கேட்டார். ஓய்வு பெற்றவருக்கும் சோற்றுக்கு உப்பு வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. மாசி பிறந்ததும் முதல் உப்பு விழுந்துவிடும். விரைந்து பதில் எழுதவும்.